டேபிள் மோட்டாருக்கும் கார் மோட்டாருக்கும் சொந்தம் உண்டு, தெரியுமா?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஓவர்லாக் மெஷின் டேபிளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சில வருடங்களுக்கு முன்புவரை அங்கே கனமான கிளட்ச் மோட்டார் ஒன்று தொங்கும். சுவிட்சைப் போட்டதும் ஓட ஆரம்பிக்கும். டெய்லர் மிதித்தாலும் ஓடும், மிதிக்காவிட்டாலும் ஓடும், டீக்கு எழுந்து போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது பல கம்பெனிகளில் அதைக் கழற்றிவிட்டு, கையளவு சர்வோ மோட்டார் மாட்டிவிட்டார்கள். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், நின்றால் கரண்டு தின்பது நின்றுபோகும். பெட்ரோல் காரிலிருந்து எலக்ட்ரிக் காருக்கு மாறுவதும் அச்சு அசலாக இதுதான்! புஷ்பா தியேட்டர் சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்கிற பெட்ரோல் கார், கிளட்ச் மோட்டார். பக்கத்தில் பச்சை நம்பர் பிளேட்டோடு சத்தமில்லாமல் நிற்கிறதே, அது சர்வோ.

உவமை இல்லைங்க, ரத்த சொந்தமே உண்டு. தையல் மெஷினில் மாட்டும் சர்வோ, பிரஷ் இல்லாத, நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார். இன்றைய எலக்ட்ரிக் கார்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுவதும் அதே குடும்பத்து மோட்டார்தான். டேபிளுக்கு அடியில் இருப்பது முக்கால் எச்.பி., காரில் இருப்பது நூறு எச்.பி.க்கு மேல். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு!

அப்படியிருந்தும், எலக்ட்ரிக் காரில் சென்னைக்கோ ஊட்டிக்கோ கிளம்புகிறேன் என்றால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, “வழியில சார்ஜ் தீந்துபோச்சுன்னா?” ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நூல் ஆர்டர் போடுகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது! நீண்ட பயணத்துக்கு எலக்ட்ரிக் காரைத் தயார் செய்யத் தேவையான மூளை முழுக்க இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காருக்கும் ஷ்ரிங்கேஜ் உண்டு, தெரியுமா? துணியை வெட்டும்முன் ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து பார்க்காமல் எந்தக் கட்டிங் மாஸ்டரும் கத்தியைத் தொடமாட்டார். கார் விளம்பரத்தில் வரும் ‘ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்பது துவைக்காத துணியின் அளவு. ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுத்த எண். அங்கே காற்று கிடையாது, மேடு கிடையாது, பின்சீட்டில் மாமனார் கிடையாது. டாடா நெக்ஸானின் 45 யூனிட் பேட்டரி மாடலுக்கு அந்தச் சோதனை எண் 489 கிலோமீட்டர். நிஜ ஓட்டத்தில் 350 முதல் 370 வரை எதிர்பார்க்கலாம் என்று அதே கம்பெனியே தனியாகச் சொல்கிறது. ஏறத்தாழ கால்வாசி சுருக்கம்! பையர் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கினாலே மெயில் போடுவார். நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு, குடும்பத்தோடு, 90, 100 வேகத்தில் போனால் 300 என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதையும் யாரோ சொன்னார்கள் என்று நம்பாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நீங்கள் ஓட்டப்போகிற வேகத்தில், ஏற்றப்போகிற ஆட்களோடு, பெருமாநல்லூரில் ஏறி பவானி வரை போய் வாருங்கள். 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று வண்டியே திரையில் காட்டும். அதுதான் உங்கள் வாஷ் டெஸ்ட் ரிப்போர்ட்.

இங்கே ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். அப்படியென்றால் 45 யூனிட் பேட்டரி என்பது எவ்வளவு பெட்ரோல்? ஐந்தே லிட்டர்! அந்த ஐந்து லிட்டருக்குச் சமமான ஆற்றலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கார் 300 கிலோமீட்டர் போகிறது. பெட்ரோல் இஞ்சினில் பெரும்பங்கு ஆற்றல் வெறும் சூடாக ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் போய்விடுகிறது என்பது அப்போதுதான் உறைக்கும். இன்னொரு கணக்கு: தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதைக் கார் மட்டுமே குடித்தால் 600 கிலோமீட்டர் ஓடும். ஆனால் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் கிரைண்டரும் அதற்குச் சம்மதிக்க வேண்டுமே!

சென்னைப் பயணம் எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 460 கிலோமீட்டர். சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம். வீட்டிலிருந்து நூறு சதவீதத்தோடு கிளம்பினால் சேலம் தாண்டி டிபன், திண்டிவனம் பக்கம் மதியச் சாப்பாடு; சாப்பிடுகிற நேரத்தில் வண்டியும் சாப்பிடும். வேகச் சார்ஜரில் 10லிருந்து 80 சதவீதம் வர சுமார் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஆனால் 80லிருந்து நூறுக்குப் போக அதே அளவு நேரம் பிடிக்கலாம், தெரியுமா? காலியான டவுன் பஸ்ஸில் முதல் முப்பது பேர் நொடியில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி ஐந்து பேர் ஏறுவதற்குள் கண்டக்டருக்குத் தொண்டை வற்றிவிடும். பேட்டரிக்குள் லித்தியமும் அப்படித்தான் இடம் தேடித் தேடி உட்காருகிறது. நிரம்ப நிரம்ப வண்டியே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் ஒரே இடத்தில் நூறு வரும்வரை காத்திருப்பதைவிட, இரண்டு இடத்தில் 80 வரை போட்டுக்கொண்டு நகர்வதே சீக்கிரம் ஊர் சேரும் வழி. உங்கள் பின்னால் நிற்கிறவரும் வாழ்த்துவார்.

காற்று விஷயத்துக்கு வருவோம். இது நம் வட்டாரத்துக்கே உரிய அதிசயம்.

மேற்குத் தொடர்ச்சி மலை குமரியிலிருந்து வடக்கே சுவர்போல நிற்கிறதல்லவா? அதில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் பிதுங்கிக்கொண்டு பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று பாய்கிறது. அங்கெல்லாம் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். பஞ்சாலைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் சொந்தக் காற்றாலை நட்டு, அதில் விளையும் கரண்டை மின்வாரியக் கம்பி வழியாகக் கொண்டுவந்து தங்கள் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். ஆக, ஆடி மாத இரவில் நம் ஊரில் வண்டியை சார்ஜில் போட்டால், உள்ளே போகும் கரண்டில் ஒரு பங்கு அந்தக் காற்று!

ஆனால் அதே காற்று ரோட்டில் உங்கள் எதிரி, தெரியுமா? ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பேட்டரி சதவீதம் பறக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் குருவாயூருக்குப் போகிறீர்கள். வாளையாறு பக்கம் எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு அது 110 வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், தடை கிட்டத்தட்ட 90 சதவீதம் கூடிவிடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்; 80ல் ஓடும் வண்டிக்கு 50 வேகத் தடைதான். வாங்கினதில் பெரும்பங்கைத் திருப்பித் தருகிற காற்று! ஆகவே ஆனி, ஆடியில் மேற்கே போகிறவர்கள் போகும் பாதிக்கு ஒரு சார்ஜர் கூடுதலாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே கேரியரில் பேல் கட்டுகிற பழக்கம் இருந்தால் இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். கூரைமேல் மூட்டை என்பது நிரந்தர எதிர்க்காற்று.

அடுத்தது ஊட்டி. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி சுமார் 110 கிலோமீட்டர்தான். 300 ஓடும் வண்டிக்கு இது ஒரு தூரமா என்று தோன்றும். ஆனால் ஊட்டி இருப்பது கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து செங்குத்தாக 1,900 மீட்டர் தூக்க வேண்டும். ஆட்கள், பெட்டிகள், தின்பண்டம் எல்லாம் சேர்த்து வண்டி 1,850 கிலோ என்றால், அதை வெறுமனே மேலே தூக்குவதற்கு மட்டும் ஒன்பதரை யூனிட் வேண்டும். ஒரு எச்.பி. மோட்டாரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிற ஆற்றல்! உருளும் தடை, காற்றுத் தடை எல்லாம் தனி. சமவெளியில் 7 யூனிட்டில் முடியும் 50 கிலோமீட்டருக்கு, மலையில் 15 யூனிட் போகும். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு.

செலவானது செலவானதுதானா? இங்கேதான் அதிசயம்! மேலே ஏறிய ஆற்றல் எங்கும் போகவில்லை, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இறங்கும்போது காலை எடுத்தால் போதும், சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்டு அனுப்பும். மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது, ஊட்டியில் இருந்ததைவிட மூன்று நான்கு யூனிட் கூடுதலாக இருப்பது சாதாரணம். பெட்ரோல் காரில் குன்னூரிலிருந்து இறங்கும்போது டேங்கில் பெட்ரோல் ஊறிவருமா என்று யோசித்துப் பாருங்கள்!

இதைத் திருப்பூர்க்காரருக்கு நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவையும் நொய்யலில் விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மீண்டும் திறந்தன. சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து, பெரும்பங்கைத் திரும்ப எடுத்து, அதே தண்ணீரில் மறுபடியும் சாயம் போடுகிற ஊர் இது. உப்பைக்கூடத் திரும்ப எடுக்கிறார்கள். மலையிறக்கத்தில் கார் செய்வதும் அதே வேலை. வீணாகப் போக வேண்டியதைப் பிடித்து மறுபடி தொட்டியில் விடுவது.

அப்படியானால் ஒரு கேள்வி. தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தால், சுத்திகரித்த தண்ணீரை எங்கே விடுவது? பட்டறைக்காரருக்குப் பதில் உடனே தெரியும். கார்க்காரர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள். ஊட்டி லாட்ஜில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கினால், திரும்பவரும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. காலை எடுத்ததும் மோட்டார் சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைக்குமே, அந்தப் பிடிமானத்தை வண்டி குறைத்துவிடும். பாரம் முழுக்கக் கால் பிரேக்கின் மேல் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் காய்ந்து வாடை வரும். மலைமேல் 70, 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சத்தை மலையே இலவசமாகப் போட்டுவிடும். கிளம்பும்முன் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்; 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

மலையிறங்கி வரும் வழியில் ஒரு பழைய கதை. இந்தியாவின் தொடக்ககால எலக்ட்ரிக் கார்களில் ஒன்று நம் பக்கத்து வீட்டில் பிறந்தது, தெரியுமா? பெங்களூரின் ரேவா 2001ல் விற்பனைக்கு வந்ததை எல்லோரும் சொல்வார்கள். அதற்கும் எட்டு வருடம் முன்னால், 1993ல், டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்டு’ என்ற இரண்டு பேர் உட்காரும் குட்டி எலக்ட்ரிக் கார் வந்து நின்றது. எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து செய்தது. தயாரித்த இடங்கள் சாலக்குடியும் கோயம்புத்தூரும்! நாம் கொச்சிக்குப் போகும் அதே ரோட்டின் மேல் இருக்கிற ஊர்கள். ஈய அமில பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து கோவைக்கு ஒருவழி போகத்தான் காணும். விற்றதோ சொற்பம், சத்தமில்லாமல் மறைந்துபோனது. மோட்டாரும் பம்பும் செய்து பேர் வாங்கிய கோவைக்கு இப்படியும் ஒரு பிள்ளை இருந்தது என்பதை ஏன் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. இன்றைக்கு அதே கோவையிலிருந்து ஜியான் என்ற கம்பெனி நெடுஞ்சாலை நெடுக வேகச் சார்ஜர்கள் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குட்டிக் காருக்கு இதைக் காட்டியிருக்கலாம்.

சார்ஜர் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. ஒரு நெடுஞ்சாலை ஓட்டல் வாசல், இரவு பதினொரு மணி, பேட்டரி 14 சதவீதம். சார்ஜர் பளபளவென்று நிற்கிறது. செயலியைத் திறந்தால் “புதுப்பிக்கவும்” என்கிறது. புதுப்பித்தால் ஓடிபி கேட்கிறது. ஓடிபி வர சிக்னல் இல்லை. சட்டைப்பையில் பணம், எதிரே கரண்டு, நடுவில் ஒரு நான்கு இலக்க எண்! ரோட்டைத் தாண்டி, மேட்டில் ஏறி, போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து ஒருவழியாக வாங்கினேன். அதிலிருந்து நான் கற்றது: போகிற வழியில் யாருடைய சார்ஜர்கள் இருக்கின்றனவோ அந்தச் செயலிகளை எல்லாம் வீட்டிலேயே இறக்கி, பதிவுசெய்து, கொஞ்சம் பணமும் போட்டு வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பத்து இருபது கிலோமீட்டருக்குள் மாற்று சார்ஜர் ஒன்று குறித்துவைக்க வேண்டும். ஒரே டையிங்கை நம்பி ஷிப்மென்ட் எடுத்தவன் பட்டபாடு உங்களுக்குத் தெரியாததா?

60 கிலோவாட் என்று போர்டு இருந்தாலும் அதே சார்ஜரின் இன்னொரு சார்ஜிங் கன்னில் வேறொரு கார் மாட்டியிருந்தால் சில சார்ஜர்கள் கரண்டைப் பங்குபோட்டுவிடும், தெரியுமா? முடிந்தால் காலியான சார்ஜரில் மாட்டுங்கள். லாட்ஜில் தங்குகிறீர்களா? ரூம் போடும்போதே கார் நிறுத்துமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடும். உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் அந்தப் பிடிவாதம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதை ஏமாற்றப் பார்க்காதீர்கள். மணிக்குச் சுமார் 3 யூனிட்தான் ஏறும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஆறுக்குப் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். போதுமே!

இது பலருக்குத் தெரியாது: முந்நூறு, நானூறு வோல்ட் பெரிய பேட்டரி ததும்பத் ததும்ப நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறாமல் போகலாம். காரணம், எலக்ட்ரிக் காருக்குள்ளும் பெட்ரோல் காரில் இருப்பதுபோல 12 வோல்ட் குட்டி பேட்டரி ஒன்று இருக்கிறது. கதவு, திரை, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாவற்றையும் எழுப்பிவிடுவது அதுதான். மூன்று, நான்கு வயதான வண்டியென்றால் பயணத்துக்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள். டயரில் காற்று, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பல எலக்ட்ரிக் கார்களில் அதற்குப் பதிலாகப் பஞ்சர் கிட் மட்டுமே வைத்திருப்பார்கள். வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், கரண்டு உற்பத்தியாகும், கேடு வரும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரிதான் வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் கேபிள் எதுவும் வெளியே தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். உலகம் முழுக்க அந்த நிறத்துக்கு உயர் மின்னழுத்தம் என்று பொருள்.

வெயிலுக்கு ஒரு தந்திரம். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன், வண்டி சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே ஏ.சி.யைப் போட்டுவிடுங்கள். சூடேறிய உள்ளறையைக் குளிர்விக்கும் கரண்டு வீட்டு மீட்டரிலிருந்து போகும். பேட்டரி அப்படியே இருக்கும்.

இத்தனை ஏற்பாடா என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பெண்மணியின் கதை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். சுமார் நூறு கிலோமீட்டர். உலகின் முதல் நீண்ட கார்ப் பயணம்! அப்போது பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் நுழைந்து, கறை நீக்கும் திரவமான லிக்ராயினை வாங்கி ஊற்றிக்கொண்டார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தினார். ஒயர் உரசியபோது அதைச் சுற்றிக் கட்டியது எதனால் தெரியுமா? காலுறையைப் பிடித்து நிறுத்தும் கார்ட்டர் பட்டையால்! எலாஸ்டிக் நெய்கிற ஊர்க்காரர்கள் நாம். அந்த அம்மாவுக்கு நியாயமாக ஒரு சிலை வைக்க வேண்டும்.

அந்தப் பயணம் முடிந்து பதினோரு வருடத்தில், 1899ல், தரையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய காரை பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்சி ஓட்டினார். அதில் பெட்ரோலும் இல்லை, டீசலும் இல்லை. அது எலக்ட்ரிக் கார்!

சரி, வண்டி நூறு சதவீதம் ஆகிவிட்டது, டயர் பார்த்தாயிற்று, செயலிகள் தயார், இ-பாஸ் போனில் இருக்கிறது, முறுக்கு டப்பா முன்சீட்டில். இனி சாவியைத் திருகும் முன் ஒரே ஒரு வேலை: சார்ஜிங் கேபிள் இன்னும் போர்டிகோ சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள்.